அடைப்புக்கல்லுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

ஆஸ்பத்திரியிலிருந்து தலைமை நர்ஸ் போன் பண்ணியபோது பெரியக்கா கொடியில் விரிப்புகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். கை ஈரம். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றாள்.

"நீ சொல்லு. நாங்க வெள்ளை விரிப்புதானே கொடுத்தோம்?"

"வெள்ளைதான்."

"திரும்பி வந்தது கத்தரிப்பூ கலர்ல இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்ச மனுஷன், யாரு வீட்டுக் கல்யாணம்னு கேக்கறாரு."

பெரியக்கா கொடியைப் பார்த்தாள். வரிசையாகத் தொங்கிய விரிப்புகள் காயக் காய ஊதா ஏறிக்கொண்டிருந்தன. கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று நினைத்து, வீட்டில் சொன்னால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்களே என்று பயந்து, வாயை மூடிக்கொண்டிருந்தாள் அவள். இப்போது நர்ஸுக்கும் புரை விழுந்திருக்க நியாயமில்லை.

"இந்த வாரத்துக்குள்ள தண்ணியைச் சரி பண்ணிடு. இல்லேன்னா மெஷின்ல வெளுக்கிறவனுக்கு வேலையை மாத்தச் சொல்லி மேலேருந்து பேசிட்டாங்க. உன்மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. நோயாளியை ஊதாவில படுக்கவைக்க முடியாது, அவ்வளவுதான்."

கால்வாய்க்கரைச் சலவைக்கூடம் என்பது பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்துவது. துவைகல், ஊறவைக்கும் தொட்டி, ஒரு கிணறு, நீளமான கொடிகள். சொத்து இவ்வளவுதான். ஆஸ்பத்திரி விரிப்பு போனால் மிச்சமிருப்பது துவைகல்தான். அதை வைத்துத் தலையில் இடித்துக்கொள்ளலாம்.

பெரியக்கா தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போனாள். நாத்தனாருக்கும் அவளுக்கும் கல்யாணமான நாள் முதல் ஒத்துவந்ததில்லை. ஆனால் சண்டைக்குப் போவதென்றால் அவளை விட்டால் ஆளில்லை. அவள் குரல் அப்படி. தெருவில் அவளுக்கு 'மைக்' என்றே பெயர்.

கால்வாய்ச் சரிவில், சாய ஆலையின் பழைய குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து ஊதாத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கல்லைக் காணோம்" என்றாள் பெரியக்கா.

"கல்லைக் காணோம்னா? என்ன, கோழிக்குஞ்சா காணாமப்போக?" என்றாள் நாத்தனார்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இவர்கள் இளவயசாக இருந்தபோதும் இதே குழாய், இதே சாயம்தான். கிணறு கெட்டது, பிள்ளைகளுக்குச் சொறி வந்தது, மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கடைசியில் ஒருநாள் பெண்களாகச் சேர்ந்து உடைந்த துவைகல் ஒன்றை உருட்டிவந்து, குழாய் வாயில் திணித்து, இடுக்கில் கந்தலை அடைத்து, மேலே சிமெண்டைப் பூசி, அது காய்கிற வரைக்கும் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது, போனது. போலீஸைவிடப் பெரிய சண்டை வீட்டில்தான் நடந்தது. "நீ போய்க் குழாய் முன்னால உக்காந்துட்டா அடுப்பை யாரு பத்தவைப்பா?" என்று நாத்தனாரின் புருஷன் கரையில் நின்று கேட்டார். "அடுப்பு போட்ட இடத்துல இருக்கு. கை உன் தோள்ல தொங்குது" என்று இவள் குழாயடியிலிருந்து சொன்ன பதில் எதிர்க்கரைவரை கேட்டது. அன்றைக்குச் சமைக்கக் கற்றுக்கொண்ட ஆண்கள் அந்தத் தெருவில் இன்றைக்கும் உண்டு. ஆலை இறங்கிவந்தது. நகராட்சியும், 'இந்த அடைப்பை யாரும் தொடக் கூடாது' என்று உத்தரவு போட்டது. சிமெண்டில் அந்தப் பெண்களின் கைகள் பதிந்த அடையாளம் அப்படியே இருந்தது. அத்தனை வருஷமாகக் கிணறும் தெளிவாகத்தான் இருந்தது.

இருவரும் ஆலை மேலாளரிடம் போனார்கள். அவர் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார்.

"நாங்க திறக்கலையேம்மா. அடைச்சிருந்தா வராது, திறந்திருந்தா வரும். குழாயோட சுபாவம் அது. யாரு திறந்தாங்களோ அவங்களைப் போய்க் கேளுங்க."

"யாரு திறந்தாங்க?"

"வரலாற்றுக்காரங்க. நகராட்சியைக்கூடக் கேக்காம, வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு ஏழெட்டுப் பேரு வந்தாங்க. குழந்தையைத் தூக்கற மாதிரி அவ்வளவு பதமா எடுத்தாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

"தண்ணி வரும்னு நீங்க சொல்லலையா?"

"வரலாற்றுல நாங்க தலையிடறதில்லம்மா."

சரி, நாமே புதுசாக அடைத்துவிடுவோம் என்று பெண்கள் மண்மூட்டை போட்டார்கள். மறுநாளே நகராட்சி ஆள் வந்து அதைப் பிடுங்கிப்போட்டான். பழைய அடைப்பைத் தொடக் கூடாது என்றுதான் உத்தரவு. புது அடைப்பு போடலாம் என்று எந்த உத்தரவும் இல்லை. போட்டால் ஆலைச் சொத்துக்குச் சேதம், வழக்கு. "அந்தக் கல்லையே கொண்டுவந்து வைங்க, நான் ஏன் கேக்கப்போறேன்? அதைத் தொட எனக்கே அதிகாரம் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்லவன்தான். உத்தரவுக்கு அடங்கின நல்லவன்.

ஆக, உலகத்தில் அந்தக் குழாயை அடைக்கும் யோக்கியதை ஒரே ஒரு கல்லுக்குத்தான் இருந்தது. அந்தக் கல், மக்கள் இயக்க வரலாற்று நிலையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

நிலையம் புதுக் கட்டடம். வாசலில் காவலாளி கேட்டான்: "சுற்றுச்சூழலா, பெண்ணுரிமையா?"

"ஒரு கல்லு விஷயமா வந்தோம்" என்றாள் பெரியக்கா.

"இடது பக்கம் சுற்றுச்சூழல். வலது பக்கம் பெண்ணுரிமை. ரெண்டுல ஒண்ணு சொன்னாத்தான் சீட்டு கிழிக்க முடியும்."

"தண்ணி கெட்டுப்போச்சு."

"அப்ப இடது."

"தண்ணி கெட்டதால எங்க பொழப்பு போகுது" என்றாள் நாத்தனார்.

காவலாளி கிழித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கிப்போனான். "நீங்க ரெண்டு பேரும் ஒரே விஷயத்துக்கா வந்திருக்கீங்க?" கடைசியில் பெரியக்காவுக்கு இடது சீட்டும் நாத்தனாருக்கு வலது சீட்டும் கொடுத்தான். இருவரும் இரண்டு வாசல் வழியாகப் போய், உள்ளே ஒரே கூடத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

கூடத்தின் நீளச் சுவர் முழுக்கப் படம். மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள். ஓட்டுக் கேட்டு மழையில் நடக்கும் பெண்கள். பூச்சிமருந்துக்கு எதிராக, நிலக்கரிப் புகைக்கு எதிராக, அணுகுண்டுக்கு எதிராகக் கைக்குழந்தையோடு ரோட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். ஒருத்தி முகமும் பெரியக்காவுக்குத் தெரியாது. ஆனால் எல்லா முகமும் தெரிந்த மாதிரியே இருந்தது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த முகம் ஒவ்வொன்றும். படத்துக்குப் படம் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அம்புகளெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் நிலைய இயக்குநர் கை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார், ஆளுயரப் படமாக.

சுற்றுச்சூழல் பிரிவுத் தலைவர் பெரியக்காவைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்க இன்னும் உயிரோட இருக்கீங்களா? ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் சிக்கல். ஆனா சந்தோஷம்."

மேசைமேல் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் இருந்தது. பெரியக்கா அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க குழாயில இப்ப தண்ணி கொஞ்சம் நிறமா வருது. ஏன்னு தெரியல. அதான்" என்றார்.

"அது எங்க கல்லை நீங்க எடுத்ததால வருதுங்க. அதைக் குடுத்தீங்கன்னா..."

"அம்மா. அந்தக் கல்லு எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாது. சாயக்கழிவைத் தடுத்த முதல் கல்லு இந்த வட்டாரத்திலேயே அதுதான்."

"தெரியுங்க. தடுத்துக்கிட்டு இருந்தது. இப்ப தடுக்கல."

"நீங்க வரலாற்றையும் நடப்பையும் குழப்பறீங்க. முப்பது வருஷத்துக்கு முன்னால ஓடின சாயம் எங்க பிரிவு. இப்ப ஓடற சாயம் நடப்பு விவகாரம். அதைத் தொட எங்களுக்கு விதி இல்ல. ஒரு முப்பது வருஷம் கழிச்சு வாங்க, தாராளமா ஆய்வு பண்ணுவோம்."

"அதுவரைக்கும் துணியை எதுல துவைக்கிறது?"

அவர் அதைக் குறித்துக்கொண்டார். நல்ல கேள்வி, கருத்தரங்குக்கு ஆகும் என்றார்.

பெண்ணுரிமைப் பிரிவுத் தலைவியின் அறையில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. வட்டத்தில் மேல் கீழ் கிடையாதாம். அவருடைய நாற்காலி மட்டும் சுழலும் நாற்காலி. அவர் இருவர் கையையும் பற்றிக்கொண்டார்.

"நீங்க பேசணும். நாங்க கேக்கணும். அதுக்காகத்தான் இந்தப் பிரிவே. உங்க குரலை இதுவரைக்கும் யாருமே கேக்கல."

"என் குரலையா?" என்றாள் நாத்தனார். அவளுக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"ஆமா. உங்களைப் பேசவிடல. அமுக்கிட்டாங்க. ஒவ்வொரு தடவை நீங்க வாயைத் திறக்கும்போதும் குறுக்க யாராவது..."

"அம்மா, எங்க கல்லு..."

"...குறுக்க யாராவது பேசியிருப்பாங்க. அந்த வலி எனக்குப் புரியுது. நான் அதைப் பத்தி ரெண்டு புத்தகம் எழுதியிருக்கேன். நீங்க எந்த அலை?"

"என்னது?"

"பெண்கள் இயக்கத்துல முதல் அலை, ரெண்டாம் அலைன்னு இருக்கு. நீங்க எதுல வர்றீங்க?"

"நாங்க கால்வாய்க்கரைங்க" என்றாள் பெரியக்கா பணிவாக. "அங்க அலையெல்லாம் வராது."

டீ கொண்டுவந்த பெண் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "சக்கரை போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு" என்று தலைவி அவளிடம் சீறிவிட்டு, அதே மூச்சில் இவர்கள் பக்கம் திரும்பி, "அவங்க குரலும் எங்களுக்கு முக்கியம்" என்றார். அந்தப் பெண் தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள். வட்டத்தில் அவளுக்கு நாற்காலி இல்லை.

கல்லைத் திருப்பித் தருவதைப் பற்றித் தலைவிக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லையாம். கல் முதலில் அவர் பிரிவுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அதில் பதிந்திருப்பது பெண்களின் கைகள். எனவே அது பெண்ணுரிமைப் பொருள். அடைத்தது சாயத்தண்ணீரை, எனவே அது சுற்றுச்சூழல் பொருள் என்று இடது பக்கம் வாதாடுகிறது. கல் இங்கே வந்துசேரும் முன்பிருந்தே, ஒரு வருஷமாக இது கமிட்டியில் இருக்கிறது. கல் தற்காலிகமாக நடுக்கூடத்தில், திறப்பு விழாவரை திரை போட்டு மூடி, யார் பக்கமும் சாயாமல் வைக்கப்பட்டிருக்கிறது.

"நல்லவேளையா தீர்வு கிடைச்சிடுச்சு" என்றார் தலைவி. "திறப்பு விழா முடிஞ்ச மறுநாள் கல்லை ரெண்டா அறுக்கறோம். கை பதிஞ்ச முன்பக்கம் எங்களுக்கு. சாயம் படிஞ்ச பின்பக்கம் அவங்களுக்கு."

அறுத்த கல் குழாய்க்கு ஆகாது. அது குழாய்க்கு ஆகாவிட்டால் வேறு எந்தக் கல்லும் ஆகாது.

"கமிட்டியில யாரும் வேண்டாம்னு சொல்லலையா?" என்று கேட்டாள் பெரியக்கா.

"ஏகமனதான முடிவு. ரெண்டு பிரிவும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். கை தட்டினோம்."

வேறு வழியில்லாமல் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் நல்ல மனிதர்; யார் வந்தாலும் முழு உரையும் ஆற்றுவார்.

"உக்காருங்க. நீங்கதான் எங்க மூலப்பொருள். நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு இயக்கம் உயிரோட இருக்கறது முக்கியமில்ல. அது நினைக்கப்படறதுதான் முக்கியம். உயிரோட இருக்கற இயக்கம் என்ன பண்ணும்? கூட்டம் சேர்க்கும், வழியை மறிக்கும், என் கார் நின்னுடும். நினைக்கப்படற இயக்கம் சுவத்துல அழகா இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்து பாக்கும். உயிரோட இருந்தப்ப உங்களுக்கு என்ன கிடைச்சுது? லத்தியடி. நினைக்கப்படும்போது? குளிர்சாதனம். நீங்களே சொல்லுங்க, எது மரியாதை?"

"மரியாதை இருக்கட்டுங்க. கிணத்துல ஊதாத் தண்ணி..."

"நாங்க போராட்டத்துக்கு எதிரி இல்லம்மா. எங்களைவிட போராட்டத்தை யாரும் நேசிக்க முடியாது. அது முடியணும்னு காத்துக்கிட்டே இருக்கோம்."

"எங்களது முடியலைங்க. நீங்க வந்து மறுபடி ஆரம்பிச்சு வச்சிட்டீங்க" என்றாள் நாத்தனார்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். எந்த நிலையமும் இந்தப் பாராட்டைப் பெற்றதில்லை என்றார். நெகிழ்ச்சியில் ஒரு சலுகையும் காட்டினார்: கல்லுக்குப் பதிலாக ஒரு பிரதி செய்து குழாயில் வைக்கச் சம்மதித்தார். கைரேகை உட்பட அச்சு அசலாக இருக்கும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

பிரதியும் வந்தது. நாலு பேர் கையுறை போட்டுக்கொண்டு அசலையே சுமப்பதுபோல் அதைச் சுமந்து வந்தார்கள். ஒரு விரலில் தூக்கியிருக்கலாம், அவ்வளவு லேசு. குழாயில் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து ரசித்தார்கள். உள்ளே தண்ணீர் முட்டியது. பிரதி தக்கை மாதிரித் தெறித்துக் கால்வாயில் விழுந்து, கைரேகைகள் வானத்தைப் பார்க்க, மிதந்துபோனது.

"மிதக்குதே" என்றாள் பெரியக்கா.

"பார்வைக்குச் செஞ்ச பொருளும்மா" என்றார் கூட வந்தவர். "அது தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது. போற இடமெல்லாம் பாப்பாங்க."

வாரம் தீர்ந்துகொண்டிருந்தது. நர்ஸிடமிருந்து மறுபடி போன் வந்தது. மெஷின்காரன் வந்து விரிப்புகளைக் கணக்குப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறானாம். அன்றைக்கே நிலையத்திலிருந்தும் அழைப்பு வந்தது: திறப்பு விழாவில், அமைச்சர் முன்னிலையில், 'கால்வாய்க்கரை வீராங்கனைகள்' தங்கள் போராட்டத்தை மேடையில் நடித்துக் காட்ட வேண்டும். குழாய்க்கு அட்டையில் ஒரு குழாய் இருக்கும். கல்லுக்குத் தெர்மாகோலில் ஒரு கல்.

"நடிக்கவா?" நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்லைத் திருடினவனுக்கு முன்னால கூத்து வேற ஆடணுமா? நீ வேணா போ. உனக்குத்தான் யார் கூப்பிட்டாலும் தலையாட்டற புத்தி. என் அண்ணன் கூப்பிட்டப்பவே ஆட்டிட்டு வந்தவதானே."

"அதனாலதான் நீ எனக்கு நாத்தனாரா வந்து வாய்ச்சே" என்றாள் பெரியக்கா. "கல்லு அறுபடறதுக்கு முன்னால ஒரு தடவை கண்ணாலயாவது பாத்துட்டு வரலாம். வா."

விழாவுக்கு ஊர்ப்பட்ட கூட்டம். முன்வரிசையில் அமைச்சர், நகராட்சித் தலைவர், சாய ஆலை மேலாளர். மேலாளர் சட்டையில் 'நீர்க் காட்சிக்கூடப் புரவலர்' என்று பட்டை குத்தியிருந்தது. அவரைப் பார்த்து நாத்தனார் பல்லைக் கடித்தாள். அவர் எழுந்து கும்பிட்டார்.

சுற்றுச்சூழல் பிரிவுத் தலைவர் பேசினார்: பூமி நம் தாய், தாயைக் காப்பது மகள்கள் கடமை. பெண்ணுரிமைப் பிரிவுத் தலைவி பேசினார்: பெண்களைத் தாய் என்று சொல்லியே ஏமாற்றுகிறார்கள், அப்படிச் சொல்கிறவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். இரண்டுக்கும் அமைச்சர் ஒரே மாதிரி கை தட்டினார். பிறகு இயக்குநர் எழுந்தார். மரத்தைக் கட்டிக்கொண்ட பெண் தொடங்கி, ஓட்டு வாங்கிய பெண் வழியாக, ஒவ்வொரு போராட்டமும் எப்படி இந்த நிலையத்தின் கட்டட நிதியை நோக்கியே நகர்ந்துவந்தது என்று விளக்கினார். அமைச்சர் கொட்டாவி விட்டார்.

"இப்போது கால்வாய்க்கரை வீராங்கனைகள்" என்று அறிவித்தார்கள்.

சலவைக்கூடப் பெண்கள் மேடை ஏறினார்கள். பாதிப் பேருக்கு மூட்டுவலி. தெர்மாகோல் கல்லை நாத்தனார் இரண்டு விரலால் தூக்கினாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அமைச்சர் பக்கத்தில் குனிந்து இயக்குநரிடம் சொன்னது, மேடை மைக் அருகிலேயே இருந்ததால், எல்லாருக்கும் கேட்டது. "என்னய்யா இது, விளையாட்டு சாமானா? டிவிக்காரங்க வந்திருக்காங்க. உண்மையான கல்லு இங்கதானே இருக்கு?"

இயக்குநர் தயங்கினார். கையுறை, ஈரப்பதம், விதிகள் என்று ஏதோ சொன்னார். அமைச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பெட்டி திறந்தது.

கல்லை வெளியே எடுத்தபோது பெரியக்கா தன்னையறியாமல் கிட்டே போனாள். சிமெண்டில் கைகள். இது நாத்தனாருடையது, பெருவிரல் அகலம். இது போன மழைக்காலத்தில் செத்துப்போனவளுடையது. இது என்னுடையதுதானா, இத்தனை சின்னக் கையா எனக்கு? கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. கை ஊதிப்போயிருந்தது, இத்தனை வருஷ ஈரத்தில்.

"தூக்குங்கடி" என்றாள் நாத்தனார்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து அட்டைக் குழாயில் வைத்தார்கள். குழாய் நசுங்கிப் படுத்துவிட்டது. கூட்டம் கலகலத்தது. இயக்குநருக்கு வியர்த்தது. அமைச்சர் முகம் கறுத்தது.

அப்போதுதான் பெரியக்காவுக்கு வாய் வந்தது. யோசித்துப் பேசினவள் அல்ல அவள். யோசித்திருந்தால் பேசியிருக்க மாட்டாள்.

"ஐயா, அசல் குழாய் பக்கத்துலதாங்க இருக்கு. தெருவைத் தாண்டினா கால்வாய். அங்க வச்சுக் காட்டினா டிவியில இன்னும் நல்லா விழும்."

அமைச்சர் எழுந்துவிட்டார். அமைச்சர் எழுந்தால் மண்டபமே எழுந்தாக வேண்டும்.

அப்புறம் நடந்தது ஊர்வலம். முன்னால் கல், அதைத் தூக்கிக்கொண்டு பெண்கள், பின்னால் அமைச்சர், அதற்குப் பின்னால் கேமராக்கள், எல்லாருக்கும் பின்னால் வெள்ளைக் கையுறைக்காரர்கள், "மெதுவா, மெதுவா, ஓரத்தைப் பிடிக்காதீங்க" என்று கதறிக்கொண்டு. சுற்றுச்சூழல் பிரிவுத் தலைவர் கல்லின் இடப்பக்கமும் பெண்ணுரிமைப் பிரிவுத் தலைவி வலப்பக்கமும் நடந்து, கேமராவில் யார் முகம் விழுவது என்று முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். தூக்க மட்டும் யாரும் கை கொடுக்கவில்லை. நிலைய வாசலில் பீடம் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரைப் பார்த்து நாத்தனார், "அண்ணே, கரைச்ச சிமெண்டைச் சட்டியோட கொண்டா, அமைச்சர் கேக்கறாரு" என்றாள். அவர் கொண்டுவந்தார். ஊதா விரிப்பு ஒன்றைக் கிழித்துக் கந்தல் செய்துகொண்டார்கள். அதற்கு ஊரில் பஞ்சமில்லை.

குழாயடியில் முழங்கால் ஆழத் தண்ணீர். பெண்கள் இறங்கினார்கள். கல் வாயில் போய் உட்கார மறுத்தது. உள்ளே தண்ணீர் எதிர்த்துத் தள்ளியது. பெரியக்கா முதுகைக் கொடுத்தாள். நாத்தனார் பக்கத்திலேயே தன் முதுகையும் கொடுத்து, "முக்குடி, தலையாட்டி" என்று கத்தினாள். கரையில் இயக்குநர் மைக்கைப் பிடித்து நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தார்: "இங்கே நாம் பார்ப்பது ஒரு நினைவுச் சடங்கு..."

கல் உள்ளே போனது. கந்தல், சிமெண்ட். ஊதா மெலிந்து, நூலாகி, நின்றது.

"தத்ரூபம்" என்றார் அமைச்சர். "அப்படியே உண்மை மாதிரியே இருக்கு." கேமராவைப் பார்த்து, இந்த அடைப்பு என்றென்றும் நிற்கும் என்று இரண்டு வாக்கியம் சொன்னார். ஆலை மேலாளர் கை தட்டாமல் நின்றார். எல்லாரும் அவரையே பார்க்கவும் தட்டினார்.

பெண்கள் கரையேறாமல் குழாய்க்கு முன்னாலேயே உட்கார்ந்தார்கள். வெயில் நன்றாகக் காய்ந்தது. அமைச்சர் பேசிக்கொண்டே போனார். அவர் பேசி முடிக்கையில் சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது.

"ரொம்ப அருமை" என்றார் இயக்குநர் குனிந்து. "இப்ப அதை எடுத்துக் கழுவித் துடைச்சுப் பெட்டியில வச்சிடலாம். நாளைக்கு அறுக்கற ஆளு வர்றான்."

"தொட்டுப் பாருங்க" என்றாள் நாத்தனார்.

"என்னம்மா?"

"அடைப்பைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. நகராட்சித் தலைவர் உங்க பக்கத்துலதானே நிக்கறாரு. கேளுங்க."

நகராட்சித் தலைவர் அமைச்சரைப் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். 'என்றென்றும்' என்ற சொல் காற்றில் இன்னும் ஆறவில்லை.

"உத்தரவு அமல்லதான் இருக்குங்க" என்றார்.

அதிகாரபூர்வமாகச் சொன்னால், நிலையம் தோற்கவில்லை. காலிக் கண்ணாடிப் பெட்டி இன்னும் நடுக்கூடத்தில் இருக்கிறது. அது எந்தப் பிரிவுக்குச் சேரும் என்று கமிட்டி உட்கார்ந்து, பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடத்தின் இடப்பாதி சுற்றுச்சூழலுக்கும் வலப்பாதி பெண்ணுரிமைக்கும் என்று ஏகமனதாக முடிவு செய்தது. நடுவில் ஒரு நாடா ஒட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்து, குறிப்பு எழுதிக்கொண்டு போகிறார்கள்.

கிணறு தெளிய நாளாயிற்று. டிவியில் அடைப்பைப் பார்த்திருந்த நர்ஸ், மேலே பேசி அதுவரைக்கும் தவணை வாங்கியிருந்தார். முதல் கட்டு விரிப்பை நர்ஸ் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "லேசா ஊதா இருக்கற மாதிரி இருக்கே" என்றார். "உங்களுக்குப் புரையா இருக்கும்" என்றாள் பெரியக்கா. நர்ஸ் சிரித்துவிட்டு, மெஷின்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

ஒரு நாள் காலையில் பெரியக்கா தொட்டியில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஆள் ஒருவர் கால்வாய்ச் சரிவில் குந்தி, குழாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். துவைகல் அருகே நின்ற நாத்தனார் கையில் பிழிந்த துணியோடு விறுவிறுவென்று போனாள். பெரியக்காவும் பின்னால் ஓடினாள்.

"யாருப்பா நீ? வரலாறா?"

"இல்லீங்கம்மா. என் மூக்குக்கண்ணாடி இங்க விழுந்துடுச்சு. தேடறேன்."

நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையுறை இல்லை. பொய் சொல்கிற முகமும் இல்லை.

"அப்பச் சரி, தேடிக்கோ" என்றாள். "ஆனா அந்தக் கல்லைப் பாத்து எதுவும் பாராட்டி மட்டும் வச்சிடாத."